மாடி வீட்டு வைஃபை: சிக்னல் முழுசாக இருந்தும் நெட் வராத ஒரு கேஸ்

மதுரையில் ஒரு மாடி வீடு. கீழே கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் ஃபைபர் மோடம். மாடி அறையில் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், விண்டோஸ் 10, யுஎஸ்பி வைஃபை டாங்கிள். அந்த வீட்டு அக்கா அதில்தான் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கிறார். கீழிருக்கும் வைஃபை மாடிக்குச் சரியாக எட்டாததால், முந்தைய கனெக்‌ஷனில் ஓடிய பழைய ரவுட்டரைத் தெரிந்தவர் ஒருவர் ரிப்பீட்டராக (வாங்கிய வைஃபையைத் திருப்பிப் பரப்பும் பெட்டியாக) மாற்றி, கம்ப்யூட்டர் மேசையிலேயே வைத்துக் கொடுத்திருந்தார்.

பிரச்சினை இதுதான். வைஃபை கோடுகள் முழுசாக இருக்கும். பாஸ்வேர்டு கேட்காது, கனெக்‌ஷன் அறுந்துபோகாது. ஆனால் எந்தத் தளமும் திறக்காது. வலது மூலையில் வைஃபை அடையாளம் போய் உருண்டை வந்து நிற்கும். “தம்பி, காலையில நல்லா இருந்துச்சு. மத்தியானம் பாத்தா குளோபு வந்து நிக்குது. ரீஸ்டார்ட் பண்ணினாலும் போகமாட்டேங்குது” என்றார் அக்கா. மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அந்தத் தேதி நெருங்கும்போது இப்படி ஆனால் லேப்டாப்பைக் கடன் வாங்கிக்கொண்டு கீழே மோடம் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

அதற்குள் நிறைய வைத்தியம் நடந்து முடிந்திருந்தது. டாங்கிளின் டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டாயிற்று. நெட்வொர்க் ரீசெட் கொடுத்தாயிற்று. புது டாங்கிளும் வாங்கியாயிற்று. கடைசியாகக் காட்டிய இடத்தில் “விண்டோஸ் ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்” என்று சொல்லியிருந்தார்கள். கணக்கு சாஃப்ட்வேர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர் எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டரை, காரணம் தெரியாமல் ஃபார்மட் செய்வது எனக்குச் சம்மதமில்லை. நோய் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்பதற்கு அதுவரை ஒரு ஆதாரமும் இல்லை.

கோடுகள் எதைக் காட்டுகின்றன

ரிப்பீட்டர் வைத்த வீட்டில் முதலில் இது புரிய வேண்டும். கம்ப்யூட்டரில் தெரியும் வைஃபை கோடுகள், அந்தக் கம்ப்யூட்டருக்கும் அது பேசிக்கொண்டிருக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள சிக்னலை மட்டுமே அளக்கின்றன. இங்கே அந்தப் பெட்டி மேசையிலேயே, ஒரு முழம் தள்ளி இருக்கிறது. கோடுகள் முழுசாக இல்லாமல் எப்படி இருக்கும்? அந்தப் பெட்டிக்கும் கீழே இருக்கும் மோடத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது, மோடத்திலிருந்து வெளியே லைன் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கோடுகளுக்குத் தெரியாது.

உருண்டை அடையாளம் வேறு கணக்கு. விண்டோஸ் பின்னணியில் மைக்ரோசாஃப்டின் ஒரு சோதனைத் தளத்துக்குப் போய், அங்கே உள்ள ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை எடுக்கப் பார்க்கும். வந்தால் இன்டர்நெட் உண்டு, வராவிட்டால் இல்லை என்று முடிவு கட்டும். ஆகவே முழுக் கோடும் உருண்டையும் ஒன்றாக வந்தால் அதில் முரண்பாடு ஏதும் இல்லை. பக்கத்துப் பெட்டி வரைக்கும் வழி சரியாக இருக்கிறது, அதற்கு அப்பால் எங்கேயோ தடை என்று அர்த்தம்.

அதனால் கம்ப்யூட்டர், மாடி ரவுட்டர், கீழ் மோடம், வெளி லைன் என்று ஒவ்வொரு கட்டமாகச் சோதிப்பதுதான் முறை. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது வருகிறது என்பது. அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, “மழை நாள்ல ஜாஸ்தி வருது தம்பி” என்றார். மழையென்றால் ஈரம், கேபிள் என்று மனசு போகும். ஆனால் மழை நாளில் இன்னொன்றும் நடக்கும், கரண்ட் போகும். கரண்ட் போய் வந்த பிறகா என்று கேட்டதும், “ஆமா, அப்பதான்” என்றார். வீட்டில் இன்வெர்ட்டர் லைட், ஃபேனுக்கு மட்டும். கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ். கீழ் மோடமும் மாடி ரவுட்டரும் நேராகச் சுவர் பிளக்கில். இந்தத் தகவல் பிறகு ரொம்ப உதவியது.

“போன்ல நல்லா வருதே”

வீட்டில் எல்லோரும் சொன்னது இது. மாடியில் போனில் வீடியோ ஓடுகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் நெட் இல்லை, ஆகவே கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்று. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கடையில் ஃபார்மட் என்று சொன்னதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அக்காவின் போனை வாங்கி மேலே பார்த்தால், வைஃபை அடையாளத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி. மொபைல் டேட்டாவை நிறுத்தினேன். வீடியோ நின்றது. வைஃபையில் இன்டர்நெட் இல்லையென்று தெரிந்தால் ஆண்ட்ராய்டு போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். மாடியில் போனுக்கும் வைஃபையில் நெட் வரவில்லை. சிம் கார்டு அதை மறைத்துக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப்புக்கு அந்த வசதி இல்லாததால் அது மட்டும் பழியைச் சுமந்தது. போனை வைத்து வைஃபையைச் சோதிக்கிறவர்கள் முதலில் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் சோதனையே பொய்யாகிவிடும்.

இதோடு கம்ப்யூட்டர் சந்தேகப் பட்டியலிலிருந்து கிட்டத்தட்ட வெளியே வந்துவிட்டது.

ஓர் எண்ணில் இருந்த விஷயம்

கட்டளை டைப் செய்யும் கறுப்புத் திரையைத் திறந்து முதலில் பிங், அதாவது ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை. மாடி ரவுட்டரின் முகவரி 192.168.1.2, உடனே பதில் வந்தது. கீழ் மோடம் 192.168.1.1, அதுவும் பதில் சொன்னது. பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டால் மோடத்தின் லாகின் பக்கமே திறந்தது. அதாவது கம்ப்யூட்டரிலிருந்து மோடம் வரைக்கும் வழி முழுசாக இருக்கிறது. மோடத்தில் விளக்குகளும் சரியாக எரிகின்றன. கீழே அதே மோடத்தில் டிவி நன்றாக ஓடுகிறது. எல்லாக் கட்டமும் சரி, நெட் மட்டும் இல்லை.

அடுத்து வெளியே, கூகுளின் சர்வரான 8.8.8.8க்கு ஒரு பிங். இங்கேதான் குட்டு உடைந்தது. ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்திருந்தால் பதிலே இல்லை என்று மட்டும் தெரிந்திருக்கும். வந்தது வேறு வரி: ‘ரிப்ளை ஃப்ரம் 192.168.1.2: டெஸ்டினேஷன் நெட் அன்ரீச்சபிள்’. அந்த இடத்துக்குப் போக வழியில்லை என்று ஒருவர் பதில் சொல்கிறார். சொல்கிறவர் மாடி ரவுட்டர். வெளியே போகிற விஷயத்தில் அந்த ரவுட்டருக்கு என்ன வேலை? அது வெறுமனே வாங்கிக் கடத்த வேண்டிய பெட்டிதானே?

கம்ப்யூட்டரின் நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை ‘/ஆல்’ சேர்த்துக் கொடுத்தேன். நீளமாக வரும் பட்டியலில் நான் பார்த்தது மூன்று வரிகள். ஐபி முகவரி 192.168.1.101. டீஃபால்ட் கேட்வே 192.168.1.2. டிஹெச்சிபி சர்வர் 192.168.1.2. கடைசி எண் 1 இருக்க வேண்டிய இடத்தில் 2. மேலோட்டமாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு இது தப்பாகவே தெரியாது. முகவரி சரியான வரிசையில் இருக்கிறது, முகவரி கிடைக்காதபோது வருவது போல 169.254 என்று ஆரம்பிக்கவில்லை, எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே இருக்கும்.

நடந்தது என்னவென்றால், ஒவ்வொரு சாதனமும் நெட்வொர்க்கில் சேரும்போது “எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்” என்று பொதுவில் கேட்கும். அதற்குப் பதில் சொல்லும் வேலைதான் டிஹெச்சிபி. முகவரியோடு, வெளியே போக எந்த வாசல் என்பதையும் அது சொல்லும். அந்த வாசல்தான் கேட்வே. ஒரு வீட்டு நெட்வொர்க்கில் இந்த வேலையை ஒரே பெட்டிதான் செய்ய வேண்டும். பழைய ரவுட்டரை ரிப்பீட்டராக மாற்றியவர் அதன் ஐபி முகவரியை 192.168.1.2 என்று சரியாகவே மாற்றியிருந்தார், மோடத்தோடு ஒயரில்லாமல் இணைக்கும் வயர்லெஸ் பாலமும் போட்டிருந்தார். ஆனால் அதன் டிஹெச்சிபி ஆன் நிலையிலேயே இருந்தது. அதனால் அது தன் பங்குக்கு முகவரி கொடுத்து, “வெளியே போக என் வழியாக வாருங்கள்” என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. வெளி லைனைச் செருகும் அதன் வான் போர்ட்டில் எந்த ஒயரும் இல்லை. பூட்டிக் கிடக்கும் பின்வாசலைக் காட்டி இப்படிப் போங்க என்று சொல்லும் வாட்ச்மேனைப் போல.

கரண்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. கரண்ட் வந்ததும் பழைய ரவுட்டர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும். ஃபைபர் மோடம் எழுந்து, லைனில் ஒளி பிடித்து, வேலைக்கு வரச் சில நிமிடம் ஆகும். கம்ப்யூட்டரோ யுபிஎஸ் தயவில் அணையாமலே காத்திருக்கிறது. மாடி வைஃபை தெரிந்த நொடியே சேர்ந்து, முன்பு இருந்த முகவரியையே உறுதி செய்யச் சொல்லிக் கேட்கும். மோடம் கொடுத்த அந்த முகவரி பழைய ரவுட்டரின் கணக்கில் இல்லை; மறுத்துவிடும். கம்ப்யூட்டர் புதிதாகக் கேட்கும். பதில் சொல்ல அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற ஒரே ஆள் பழைய ரவுட்டர்தான்.

ஒரு முறை வாங்கிவிட்டால் அவ்வளவு சீக்கிரம் விடாது. முகவரிக்கு ஒரு தவணைக் காலம் உண்டு. பாதிக் காலம் கழிந்ததும் கம்ப்யூட்டர், கொடுத்தவரிடமே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தாலும் அதே முகவரியைத்தான் கேட்கும், பழைய ரவுட்டரும் “சரி, வைத்துக்கொள்” என்றுவிடும். அதனால்தான் மத்தியானம் வந்த கோளாறு ராத்திரி வரைக்கும் அசையவில்லை. மோடத்தையும் ரவுட்டரையும் மாற்றி மாற்றி அணைத்துப் போட்டால் சில நாள் சரியாகும், சில நாள் ஆகாது. இரண்டு பெட்டியும் விழித்திருந்தால் இரண்டுமே பதில் அனுப்பும், விண்டோஸ் முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும். எது முந்துகிறது என்பது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது. புது டாங்கிள் வாங்கிய நாளில் நெட் வந்ததற்கும் இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரிசெய்தது

192.168.1.2 பக்கத்தில் லாகின் செய்து, டிஹெச்சிபி பகுதியில் ‘டிசேபிள்’ தேர்ந்தெடுத்து, சேவ் செய்து, ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரில் பழைய முகவரியை விட ஐபிகான்ஃபிக் ‘/ரிலீஸ்’, அப்புறம் புதிதாகக் கேட்க ‘/ரென்யூ’. கேட்வே 192.168.1.1 என்று வந்தது. உருண்டை போய் வைஃபை அடையாளம் வந்தது.

அந்த இடத்தில் கிளம்பிவிடக் கூடாது. கோளாறு எந்த நிலைமையில் வந்ததோ அதே நிலைமையை உண்டாக்கிப் பார்த்தால்தான் சரியானதா என்று தெரியும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் போட்டோம். பழைய ரவுட்டர் முதலில் எழுந்தது. கம்ப்யூட்டர் அதோடு சேர்ந்து முகவரி கேட்டது, கொடுக்க ஆளில்லை. 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொண்டது. யாரும் முகவரி தராதபோது விண்டோஸ் இப்படித்தான் செய்யும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இங்கே இது நல்ல அறிகுறி, தப்பான ஆள் பதில் சொல்லவில்லை என்பதற்கு அத்தாட்சி. இந்த நிலையில் விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி கேட்டுப் பார்க்கும். மோடம் எழுந்த பிறகு தானாகவே சரியானது. அவசரமென்றால் வைஃபையைத் துண்டித்துத் திரும்பச் சேர்த்தால் போதும் என்று அக்காவிடம் சொன்னேன்.

இன்னொரு சின்ன வேலையும் இருந்தது. மோடத்தில் சேனல், அதாவது வைஃபை பேசும் அலைவரிசை, ‘ஆட்டோ’வில் இருந்தது. இந்த மாதிரி பழைய ரவுட்டர் பாலத்தில் இரண்டு பெட்டியும் ஒரே சேனலில் இருந்தாக வேண்டும். கரண்ட் போய் வந்து மோடம் வேறு சேனலில் உட்கார்ந்தால் பாலமே அறுந்துபோகலாம். அக்கம்பக்கத்து வைஃபைகளைப் பார்த்து மோடத்தைச் சேனல் 6இல் நிலையாக வைத்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 மட்டும்தான், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

நெட் வந்தது, வேகம் வரவில்லை

100 எம்பிபிஎஸ் பிளான். மோடம் பக்கத்தில் 90க்கு மேல் காட்டுகிறது, மாடிக் கம்ப்யூட்டரில் 6. ஜிஎஸ்டி தளத்துக்கு இது போதும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அக்கா வீடியோ காலில் கடைக்காரர்களுக்குத் திரையைக் காட்டிப் பேசுகிறவர், அதற்குப் போதாது.

விண்டோஸின் நெட்ஷ் கட்டளையில் பார்த்தால் கம்ப்யூட்டரின் சிக்னல் 96 சதவீதம். விண்டோஸ் சொல்லும் சதவீதத்தைப் பாதியாக்கி நூறைக் கழித்தால் சிக்னல் பலத்தை அளக்கும் டிபிஎம் கணக்கு வரும் (பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்), அதாவது -52. அருமையான சிக்னல். ஆனால் அது பக்கத்துப் பெட்டியோடு உள்ள சிக்னல். அந்த மேசையில் பழைய ரவுட்டர் எதைக் காதில் வாங்குகிறது என்று தெரிய, என் போனை அதே இடத்தில் வைத்துக் கீழ் மோடத்தின் வைஃபையை அளந்தேன்: -78. பேச்சும் வீடியோவும் தடையில்லாமல் ஓட -67 அளவாவது வேண்டும் என்பார்கள். நடுவில் கம்பி கட்டிய காங்கிரீட் தளம், அதற்கு மேல் மாடி அறைச் சுவரோரம் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ, மோடத்துக்கும் மேசைக்கும் நேர் வழியில். இரும்புத் தகட்டைத் தாண்டி வைஃபை வராது. அந்த -78 பீரோவைச் சுற்றி வந்த மிச்சம்தான்.

போதாததற்கு, ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் கேட்டதை அதே சேனலில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்கும்போது பேச முடியாது. அதனால் வரும் வேகத்தில் ஏறக்குறைய பாதி அங்கேயே போய்விடும். பலவீனமான சிக்னலில் வந்த கொஞ்சத்திலும் பாதி.

ரிப்பீட்டரை நெட் வேண்டிய இடத்தில் வைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. வைக்க வேண்டியது நல்ல சிக்னல் இன்னும் இருக்கிற, ஆனால் மாடியையும் எட்டுகிற நடு இடத்தில். இந்த வீட்டில் அது மாடிப்படி திரும்பும் இடம். படிக்கட்டு வழியே தளம் திறந்திருக்கிறது. போனில் அளந்தால் அங்கே -60. ஏற்கெனவே இருந்த பிளக்கில் ரவுட்டரை மாட்டினோம். கம்ப்யூட்டரின் சிக்னல் 96லிருந்து 74 சதவீதமாக இறங்கியது, ஒரு கோடு குறைந்தது. வேகம் 6லிருந்து 28க்கு ஏறியது. அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கோடு கம்மியாயிருக்கு, வேகம் கூடியிருக்கே?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விளக்கம் சொன்னதில்தான் எனக்கு முழுத் திருப்தி.

டாங்கிளையும் கொஞ்சம் நகர்த்தினேன். அது சிபியுவின் பின்னால், வெளி ஹார்டு டிஸ்க் செருகிய யுஎஸ்பி 3 போர்ட்டுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் சாதனங்களைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012இலேயே ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரில் டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்ததும், பேக்கப் ஓடும்போது வந்துகொண்டிருந்த திணறல் நின்றது.

ஒயர்

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் கம்ப்யூட்டருக்கு வைஃபையே வேண்டாம், ஒயர் போட்டுவிடுவது நல்லது. வேலை முழுதும் இணையத்தை நம்பியிருக்கிறவருக்கு அந்தச் செலவு செலவே இல்லை. அக்கா ஒத்துக்கொண்டார். டிஷ் ஒயர் போகும் பைப் வழியாகவே மோடத்திலிருந்து மாடி அறைக்கு ஒரு கேட்-6 கேபிள் இழுத்தார்கள். 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், இந்த வீட்டுக்கு அதில் கால்வாசி கூடத் தேவைப்படவில்லை.

பழைய ரவுட்டர் திரும்ப மேசைக்கே வந்தது, இப்போது ஒயரில் சேர்ந்து மாடிக்கு வைஃபை கொடுக்கும் பெட்டியாக. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கேபிளை, வீட்டுச் சாதனங்களை இணைக்கும் லான் போர்ட்டில்தான் செருக வேண்டும். வான் போர்ட்டில் செருகினால் அது தனி நெட்வொர்க் ஆகிவிடும், இரண்டு பக்கமும் 192.168.1 என்றே இருப்பதால் வேறு குழப்பம். அதைவிட முக்கியம், கேபிள் செருகும் முன் பழைய வயர்லெஸ் பாலத்தை நிறுத்திவிட வேண்டும். ஒயரும் பாலமும் ஒரே நேரத்தில் இருந்தால் செய்திகள் அந்த வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி, வீட்டின் மொத்த நெட்வொர்க்கும் ஸ்தம்பித்துவிடும். பாலத்தை நிறுத்தி, கேபிளைச் செருகி, அங்கிருந்து ஒரு சின்ன ஒயரில் கம்ப்யூட்டரை இணைத்தோம். 94 காட்டியது. டாங்கிள் மேசை டிராயருக்குப் போனது.

ரவுட்டரின் அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் ‘192.168.1.2 - டிஹெச்சிபி ஆஃப் - லான் போர்ட்டில் மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு யாராவது வந்து அதன் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் குச்சியை விட்டு அழுத்தினால் டிஹெச்சிபி மறுபடி ஆன் ஆகிவிடும், ஐபியும் மோடத்தின் எண்ணுக்கே திரும்பிவிடலாம். அப்படி அழுத்த நேர்ந்தால் முதலில் லான் கேபிளை உருவிவிட்டு, ஸ்டிக்கரில் உள்ளபடி செட் செய்த பிறகே செருக வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அதைத் தன் கணக்கு நோட்டிலும் எழுதி வைத்துக்கொண்டார்.